பதினான்கு

பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து நாலு.
யாகூத்ஸ்க், ஜனவரி, காலை எட்டு மணி இருட்டு.
வெளிச்சம் அளக்கும் கருவியைக்
கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றி
வெளியே எடுக்கிறார் இன்ஸ்பெக்டர் கெஸ்கில்.
திரையில் எண் வரவில்லை.
தட்டிப் பார்க்கிறார், ஊதிப் பார்க்கிறார்.
"இந்தக் குளிருக்கு இது வேலை செய்யாது" என்கிறேன்.
அவருக்கும் தெரியும்.
போ என்று கையுறையை அசைக்கிறார்.

ஏழு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன்.
முன்கதவுகள் இரண்டிலும் கறுப்புப் படலம்,
சந்தைக்குப் பின்னால் தோல்யா ஒட்டிக் கொடுத்தது.
சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் பட்டையால் வழித்து,
ஒரு குமிழி இல்லாமல்.
சட்டம் கேட்பது நூற்றுக்கு எழுபது வெளிச்சம்.
"இதில் எவ்வளவு வரும்?" என்றேன்.
தோல்யா சிரித்தான்:
"உனக்கு வேண்டியது வரும்."

எனக்கு வேண்டியது
சிக்னலில் பக்கத்து வண்டி எட்டிப் பார்க்காதது.
ராத்திரி இரண்டு மணிக்கு மதுக்கடை வாசலில்
ஓட்டுவது பெண் என்று
கதவைத் திறக்கும்வரை தெரியாதது.
சவாரி இல்லாத நேரம்
வாயைத் திறந்துகொண்டு ஒரு தூக்கம்.
பிடிபட்டால் ஐநூறு ரூபிள்.
அதை நான் அபராதம் என்று சொல்வதில்லை,
இருட்டுக்கு வாடகை.

குளிர்காலம் முழுக்க
ஊரே கண்ணாடியில் வெள்ளையாக உறைபனி ஒட்டி ஓட்டும்.
பால் டப்பா மூடி அளவுக்குச் சுரண்டிய ஓட்டை வழியே
பேருந்தைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள்,
சில நாள் பார்க்காமலும் போவார்கள்.
பனிக்கு யார் எழுதுவது சீட்டு?

மே மாதம் லேனாவில் பனிக்கட்டி உடைந்தது.
அதே முனை. அதே கெஸ்கில்.
துணியால் கண்ணாடியைத் துடைத்தார்
(அழுக்கோடு அளக்கக்கூடாதாம்),
உள்ளே ஒரு வில்லை, வெளியே ஒரு வில்லை,
நாடி பிடிப்பதுபோல் வைத்துக் காத்திருந்தார்.
பதினான்கு.

"உனக்குக் குளிர்விட்டுப் போச்சு, துயாரா."
"ஊருக்கே விட்டுப் போச்சு."
அவர் சிரிக்கவில்லை.
ஐநூறோடு இன்னொரு தாளும் நீட்டினார்:
உரித்தெடுக்கச் சொல்லி உத்தரவு.
மறுபடி பிடித்தால் இது கண்ணாடி வழக்கு இல்லை,
காவலரின் சொல்லை மீறிய வழக்கு.
நீதிமன்றம், அப்புறம் சில நாள் உள்ளே.
"அந்த ஜன்னலில் படலம் இருக்காது" என்றார்.

பிறகு, சீட்டை மடித்தபடி,
"போன வாரம் ஒருத்தன் திரும்பும்போது
சைக்கிளில் வந்தவளைப் பார்க்கவில்லை.
அவன் கண்ணாடி பதினெட்டு."
அவள் பெயரை அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

மூலையில் நகம் வைத்து இழுத்தேன்.
தோல்யாவின் பசை, லேசில் விடவில்லை.
கெஸ்கில் தன் பேனாக்கத்தியைத் தந்தார்.
நாடா நாடாவாக வந்தது.
இருக்கையின் கிழிசல், பிஸ்கட் துகள்,
சீவாத தலையோடு நான்,
எல்லாவற்றையும் தெரு பார்த்தது.
பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து ஒரு பையன்
நாக்கை நீட்டினான்.
நானும் நீட்டினேன்.

இன்னொரு கதவு பாக்கி.
"பின்பக்கக் கண்ணாடிகளுக்கு?" என்றேன்.
கெஸ்கில் கருவியைப் பெட்டியில் வைத்து மூடினார்.
"அதற்கு எண் இல்லை."

சரி.
இனிமேல் பின்சீட்டில் தூங்கலாம்.