4127

மின்சாரம் போனது மூன்றே நிமிடம்.
மலைக்கு அந்தப் பக்கம் காற்று
ஏதோ ஒரு கம்பியைப் பிடித்து இழுத்திருக்கிறது.
விளக்குகள் வந்துவிட்டன.
காப்பி இயந்திரம்கூட இருமி எழுந்துவிட்டது.
சர்வரும்தான்.
அதற்குள் இருக்கும் ஏல நிரல் மட்டும்
எழ மாட்டேன் என்கிறது.

ஐந்து பத்து. கிளாக்ஸ்விக் இன்னும் இருட்டில்.
ஏழு மணிக்கு மீன் ஏலம்.
மூன்று படகுகள் கட்டியாயிற்று,
பதினோரு டன் காட் மீன் பனிக்கட்டியில்.
விலை சொல்லப்போகிறவர்கள்
வேறு வேறு தேசங்களில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.

கிளம்பு என்றேன்.
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றது.
எங்கே ஓடுகிறாய்?
அதன் வாசல் எண்ணைத் தட்டினேன்,
உள்ளே கேட்பார் யாருமில்லை.
பதிவேட்டைப் புரட்டினேன்:
மின்சாரம் போன நொடியோடு
வாக்கியம் பாதியில் நிற்கிறது.
அதன் கீழே, நான் கேட்ட ஒவ்வொரு முறைக்கும்
அதே பதில், அதே மரியாதையோடு.
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

வட்டில் இடம் இருக்கிறது. அனுமதிகள் சரி.
நேற்று யாரும் எதையும் தொடவில்லை
(நான்தான் தொடுகிறவள், நான் தொடவில்லை).

அதன் கோப்புறையின் ஓரத்தில் ஒரு சின்னக் கோப்பு.
ஐந்தே பைட்.
திறந்தால் ஓர் எண், 4127,
அப்புறம் ஒரு வெற்று வரித் திருப்பம்.
நேற்றைய ஓட்டத்தின் அடையாள எண்.
போகும்போது அழித்துவிட்டுப் போக வேண்டும்,
அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

4127 உயிரோடு இருக்கிறதா என்று கேட்டேன்.
இருக்கிறது.

போர்டுரை எழுப்பினேன்.
தலையணைக்குள்ளிருந்து சொன்னான்:
கொன்றுவிடு, துரீ, கொன்றுவிட்டுத் தூங்கு.
கட்டளையின் பெயரே அதுதான், கொல்.
அடித்தேன். எண்ணையும் அடித்தேன்.
விரல் கடைசி விசைமேல் வந்து நின்றது,
ஏன் என்று தெரியாது, ஈரமாக இருந்ததாலா.
முதலில் உன் பெயர் என்ன என்று கேட்டேன்.

பனி அறையின் வெப்பமானி.
நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து
ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளும் சின்ன நிரல்.
விளக்கு வந்ததும் வரிசையில் நின்றிருக்கிறது,
காலியாகக் கிடந்த எண்ணை
இயங்குதளம் எடுத்துக் கொடுத்திருக்கிறது.
செத்தவனின் எண்ணைச் சுமக்கிறோம் என்று
அதற்கு யார் சொல்வார்கள்.
மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு, எழுதியது.
மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு.

கொல்லை அழித்தேன், எழுத்து எழுத்தாக.
ஐந்து பைட்டை மட்டும் நீக்கினேன்.
கிளம்பு என்றேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
நல்ல நிரல்கள் எழும்போது ஒன்றும் சொல்வதில்லை.
வாசல் எண்ணில் இப்போது யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொடக்க நிரலில் இரண்டு வரி சேர்த்தேன்,
இனி எண்ணோடு பெயரையும் விசாரிக்கும்படி.
ஆறு நாற்பது.

எடை மேடையிலிருந்து சுன்னுவா வந்தாள்,
கையுறையில் செதில் மின்ன.
திரையில் விலைகள் ஏறத் தயாராக நிற்பதைப் பார்த்தாள்.
என்னதான் பிரச்சினை?

நாலாயிரத்து நூற்று இருபத்தேழு என்றேன்.

கிலோவா? என்றாள்,
எழுதிக்கொள்ளப் பென்சிலைத் தேடியபடி.