பதினேழாம் வாட்டுக் கொப்பி

இருபத்தாறு வருசச் சேவை எனக்கு.
வந்தவளுக்கு முப்பத்தெட்டு வயசு,
குருநகர்ப் பிள்ளை, எமில்டா.
இன்சார்ஜ் கதிரையில் அவள் இருந்த அண்டு
ட்ரொலியைக் கொஞ்சம் பலமாய்த் தள்ளினன்,
எனக்காக அதன் முன்சில்லு கத்தட்டும் எண்டு.

பிரசங்கம் ஒண்டும் வைக்கேல்ல அவள்.
கஸ்தூரியார் வீதியில் வாங்கின
எண்பது பக்கக் கொப்பியை
மருந்து அலுமாரிக் கைபிடியில்
பண்டேஜ் துண்டால் கட்டினாள்.
முதல் பக்கம் அவளுடைய கையெழுத்து:

"செவ்வாய், காலை ஆறே கால்.
நாலாம் கட்டில் இன்சுலினை
ஐந்தாம் கட்டிலுக்கு எடுத்துப் போனேன்.
ஊசி தோலில் படமுதல் அந்த ஐயா கேட்டார்:
எனக்கு எப்ப சீனி வந்தது, மிஸ்ஸி?
பெயர் கேட்காமல் போனது நான். எமில்டா."

தேத்தண்ணி அறையில் நாங்கள் சிரிச்சம்.
பிறகு ரண்டு கிழமை
கொப்பி சும்மா தொங்கினது.

முதலில் எழுதினது சதுனி,
குருநாகலில் இருந்து வந்தவள், சிங்களத்தில்.
வாசிக்கத் தெரியாத எமில்டா
அவளையே பக்கத்தில் இருத்தி
சொல்லுச் சொல்லாய்க் கேட்டாள்.
குருநகருக்கும் குருநாகலுக்கும் நடுவில்
அண்டு முழுக்க ஒரு பக்கம்தான் கடந்தது.

"ஆர் செய்தது?"
இந்தக் கேள்வியில்தான் நாங்கள் வளர்ந்தது.
கேட்டவுடன் வாட்டே ஊமையாகும்.
இவள் கேட்டது வேற:
எந்தத் தட்டு? என்ன நேரம்? லைற் எரிஞ்சதோ?

பொற்றாசியமும் ஊசித் தண்ணியும்
ஒரே அளவுக் குப்பி, ஒரே தட்டு.
ஏழு இரவு ஏழு பேர்
"எடுத்து, பார்த்து, திருப்பி வைத்தேன்"
எண்டு எழுதின பிறகு
பொற்றாசியம் பூட்டுக்குள் போனது,
சிவப்புப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு.

நிர்வாகக் கூட்டத்தில் கொப்பியைக் கேட்டினம்,
பெயர்களோடு.
"வாட்டில கட்டியிருக்கு சேர்,
ஒரு நைட் வந்து வாசியுங்கோ."
வந்தார் பணிப்பாளர், ஒரு மாரி இரவு.
நனைஞ்ச குடையோடு ஸ்டூலில் இருந்தார்.
நாப்பத்தொரு நோயாளர், ரண்டு மிஸ்ஸிமார்.
மூண்டு மணிக்குக் கரண்ட் போய்
ஜெனரேற்றர் இருமி எழும்புமட்டும்
அவருடைய போன் வெளிச்சத்தில்தான்
சதுனி ஒரு நரம்பு பிடிச்சாள்.
அடுத்த மாதம் ஆள் வரேல்ல.
அலுமாரி ஒண்டு வந்தது, உள்லைற்றோடு.
பெயர் கேட்கிறது நிண்டது.

எல்லாம் மாறிப்போச்செண்டு சொல்லமாட்டன்.
அற்றெண்டன் தவராசா இண்டைக்கும் எழுதான்.
எழுதினால் வவுனியாவுக்கு மாத்துவினம் எண்டு
முந்தி ஒரு மேட்ரன் ஆருக்கோ சொன்னது
அவன்ர காதுக்குள்ள இன்னும் கிடக்கு.

நானும் எழுதேல்ல. பதினொரு மாதம்.

போன வியாழன், விடியச் சாமம்,
எழுபத்திரண்டாம் பக்கம்:

"பாதை பூட்டின வருசம். ஊரடங்கு.
ஒன்பதாம் கட்டில். மெழுகுதிரி.
குப்பியின் லேபல் நனைஞ்சு உரிஞ்சிருந்தது.
வாசிக்கேல்ல. இதுதான் எண்டு நினைச்சுக் குத்தினன்.
நாலரைக்கு அவர் போயிட்டார்.
பெயர் மறந்துபோச்சு.
கட்டில் மறக்கேல்ல."

ஏழு மணிக்கு எமில்டா வந்து வாசிச்சாள்.
ஆறுதல் சொல்லேல்ல, தோளைத் தொடேல்ல.
பேனை மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டாள்:
"அண்டைக்கு நைட் எத்தனை பேர், அக்கா?"

இவ்வளவு காலம் ஒருத்தரும்,
நான்கூட, என்னட்டக் கேக்காத கேள்வி.

"நான் மட்டும்."

அதையும் எழுதினாள்.