பன்னிரண்டாவது மணி

இன்று ஒருநாள் நுழைவுக் கட்டணம் இல்லையென்று
மௌனிகாவின் பள்ளி வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.
மறுபடி மறுபடி படித்துப் பார்த்தார் அவர்,
எங்காவது சிறிய எழுத்தில் ஏதாவது இருக்குமோ என்று.

சித்தோட்டிலிருந்து டவுன் பஸ்.
எனக்கும் மகளுக்கும் மகளிர் டிக்கெட், காசில்லை.
தரணிஷுக்கு இன்னும் அஞ்சு ஆகலையென்று
கண்டக்டரிடம் நெஞ்சறிந்த பொய்.
ஆக, நாலு பேரில் காசு கொடுத்து ஈரோடு வந்தவர்
அவர் ஒருவர்தான்.
மணிக்கூண்டு வருவதற்குள்
அதை மூன்று முறை சொல்லிவிட்டார்.

கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.
வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன்.
"கோயல் இல்லீங், போட்டுக்கிட்டே போங்க"
என்றார் காவல்காரர்.
போட்டுக்கொண்டே நடந்தேன்.
முதல் அறை முடியும்வரை
கால் கூசிக்கொண்டே இருந்தது.

பஞ்சடைத்த முதலை வாயில்
யாரோ போட்ட பஸ் டிக்கெட்.
தலையில்லாத ஒரு கல்.
தரணிஷ் அதனருகே நின்று
தலையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

அப்புறம் அந்தக் கண்ணாடிப் பெட்டி.
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு மணிகள்,
ஒவ்வொன்றிலும் ஊசி நுழையும் துளை.
சூதுபவளம், கொடுமணல் என்றது சீட்டு.
"கொடுமணலா?
நம்ம சரோசாவக் குடுத்திருக்கற பக்கமல்லொ!
கடைசி பஸ் எட்டரைக்கு"
என்றார் அவர்,
இரண்டாயிரம் வருடத்துப் பொருளைப் பார்த்தபடி.

என் வேலை சீட்டு குத்துவது.
கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு
ஆயிரத்து அறுநூறு சட்டை.
விலை யூரோவில் இருக்கும்.
ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாதென்று
முதல் வாரமே பழகிக்கொண்டேன்.

இந்தச் சீட்டில் காலம் இருந்தது,
கிடைத்த இடம் இருந்தது,
விலை மட்டும் இல்லை.
திருப்பிப் பார்க்க விரல் துடித்தது.
கண்ணாடி.

எண்ணிக்கை: 11 என்று போட்டிருந்தது.
எண்ணினேன். பன்னிரண்டு.
தரணிஷைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு
இந்தப் பக்கமிருந்து எண்ணினேன். பன்னிரண்டு.
எங்கள் கம்பெனியில் இப்படி வந்தால்
பெட்டியைப் பிரித்து மறுபடி எண்ணச் சொல்வார்கள்,
சூப்பர்வைசர் வாயைக் கேட்க முடியாது.

காவல்காரரிடம் போய்ச் சொன்னேன்.
வந்தார், குனிந்தார்,
உதடசைத்து எண்ணினார்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கொறஞ்சாத்தானுங் கேள்வி,
கூடுனா ஆரு கேக்கறாங்க"
என்று நாற்காலிக்குப் போய்விட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை.
சேர்த்தெழுதாத அந்த ஒன்று எது?
இதுவா, ஓரத்தில் தனியாக உருண்டு கிடக்கிறதே அதுவா?
எல்லாம் ஒரே சிவப்பு.
துளை போட்டவளோ போட்டவனோ
அன்றைக்கு எத்தனையென்று கணக்குச் சொல்லித்தானே
வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்தோம்.
அரிசிம்பருப்பு சாதம்,
வெயிலில் சூடு ஆறவேயில்லை.
மௌனிகா முதலையை மட்டும் வரைந்திருந்தாள்,
வாயிலிருந்த டிக்கெட்டோடு.

கிளம்பும்போது பதிவேடு.
பெயர்: சென்னியப்பன். நபர்கள்: 4.
கருத்து என்ற இடத்தில்
அவர் வெகுநேரம் யோசித்து எழுதினார்:
காத்தாடி நன்றாக ஓடுகிறது.
அதன் கீழே நான்
மணி 12 உள்ளது, கவனிக்கவும் என்று எழுதி
என் பெயரையும் போட்டேன்.
கம்பெனியில் எதிலும் போட்டதில்லை.

திரும்பும் பஸ்ஸிலும் அதே கண்டக்டர்.
"தம்பிக்கு எத்தன வயசு?"
அவர் வாயைத் திறப்பதற்குள்
ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பி,
"ரெண்டாயிரம்" என்றான் தரணிஷ்.

பஸ்ஸே சிரித்தது.
கண்டக்டரும் சிரித்தார்,
சிரித்துக்கொண்டே
ஒரு அரை டிக்கெட் கிழித்தார்.