காவலன் வீட்டுக் கதவு

ஒசாகாவில் ஒன்பது மணி என்றால்
புளியரையில் ஐந்தரை.
அங்கே ஹசெகாவா காப்பிக் கோப்பையோடு திரையில் வருவார்;
இங்கே மோட்டார் ஓடி மேல்தொட்டி வழியும்.
ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து
மன்னிப்புக் கேட்பேன்,
எனக்குத் தெரிந்த நாற்பது ஜப்பானியச் சொற்களில்
அதுதான் அதிகம் தேய்ந்தது.

என் வேலை இன்னதென்று
வங்கி மேனேஜருக்கு விளக்க முடியவில்லை.
கடன் விண்ணப்பத்தில் "எழுத்தர்" என்று போட்டுக்கொண்டார்.
ஒரு விளையாட்டு. அதில் ஓர் ஊர். ஊரில் நானூறு பேர்.
யார் வந்து எதிரே நின்றாலும்
அவர்கள் ஏதாவது சொல்ல வேண்டும்.
வாளோடு வருபவனுக்கு ஒன்று,
வெறுங்கையோடு வருபவளுக்கு ஒன்று,
நேற்றே வந்து கோழியைத் திருடிப்போனவனுக்கு
இன்னொன்று.
டிராகனுக்கு வசனம் எழுத
ஒசாகாவிலேயே பெரிய ஆட்கள் இருக்கிறார்கள்.
என் பங்குக்குச் சத்திரக்காரி, ஓடக்காரன்,
எல்லைக் காவலன்.

சசிதரனுக்கு ஆரியங்காவில் பால் சோதனைச்சாவடி.
மலையேறி வரும் டேங்கர்களை நிறுத்தி
குழாயில் கொஞ்சம் பிடித்து
மருந்து சொட்டி
நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது.
ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் வீட்டுக்கே வரமாட்டார்.
வந்தாலும் நான் போட்ட டீயை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்.
சண்டையை அவர் மலையாளத்தில் தொடங்குவார்,
நான் தமிழில் முடிப்பேன்.
நடுவில் நிவேத்யா "மதி, போதும்" என்று
இரண்டு பக்கமும் கதவடைப்பாள்.

காவலனுக்கு எழுதினேன்:
"நீ கெட்டவன்னு நான் சொல்லல.
சொட்டு விட்டுப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்."
ஹசெகாவா உடனே பதில் போட்டார்,
இந்த ஆளுக்கு உயிர் இருக்கிறது, இன்னும் முப்பது வரி வேண்டும்.
முப்பதும் எங்கள் அடுக்களையிலேயே கிடைத்தன.

நிவேத்யா அதைப் படித்துச் சிரித்து
அப்பாவுக்கும் வாசித்துக் காட்டிவிட்டாள்.
மழைக்கோட்டைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.
காலடியில் தண்ணீர் வட்டமாகச் சேர்ந்தது.
நான் மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன்:
மன்னிப்பு, சிரிப்பு, "அது நீங்க இல்ல".
அவர் கேட்டது எந்தக் கிளையிலும் இல்லை.

"இந்த ஆளு எப்பளாக்கும் வீட்டுக்குப் போறது?"

நானூறு பேருக்கும்
வயது, பயம், பிடித்த மீன் வரை எழுதியவள்
அவனுக்கு ஷிப்டு முடியும் என்று எழுதவில்லை.
ஏழு மாதமாகச் சாரலில் நிற்கிறான்.

அன்றிரவே எழுதினேன்.
மணி அடிக்கும். தடுப்புக்கட்டையை இறக்குவான்.
பாலம் தாண்டி மூன்றாவது வீடு.
மனைவி, ஒரு பெண், கம்பி ஒடிந்த குடை.

ஹசெகாவா வருந்தினார்.
வீட்டுக்குள் வரைய ஆளில்லை, பணமும் இல்லை.
கதவு வரையலாம்.
தட்டினால் உள்ளிருந்து ஒரு குரல், ஒரே ஒரு வரி.
அவர் பின்னால் குழந்தை அழுதது.
மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினார்,
யாரிடமோ வாய் மட்டும் அசைந்தது.

அந்த ஒரு வரிக்கு எனக்கு நான்கு நாள்.
"வந்துட்டீங்களா" என்பது நாடகம்.
"சாப்டீங்களா" என்பதை
சத்திரக்காரி ஏற்கெனவே ஆயிரம் தடவை கேட்டாயிற்று.
கடைசியில் அனுப்பியது:
"ஈரச் செருப்ப வெளியவே விடுங்க."

கொஞ்ச நேரம் திரையில் அசைவில்லை,
நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.
"இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்,
நேற்றுகூட எனக்குச் சொன்னார்கள்" என்றார்.

ஓணத்துக்கு இன்னும் இரண்டு நாள்.
விடிகாலை நாலு மணிக்கு கேட் கிரீச்சிடுகிறது.
பாதித் தூக்கத்தில் நான் குரல் கொடுக்கிறேன்
அதே வரியை.
உள்ளே வராமல்
வாசலிலேயே நின்று கேட்கிறார்:
"இதுக்கு எனக்கு எத்தற பதில் வச்சிருக்க?"