பதினொன்றாம் கேள்வி

வடிவமைப்பு நகரமெனப் பெயர் கிடைத்தால்
உங்கள் சமூகங்களுக்கு என்ன பயன்?
இருநூறு சொற்களுக்கு மேற்படாமல்.

முதலீடு, சுற்றுலா, வேலைவாய்ப்பு
என்று எழுதி வெட்டினேன்.
மாநகரசபை மின்விசிறியில்
பாரம் வைத்த காகிதங்களும் படபடத்தன.

விண்ணப்பத்தோடு இணைக்கப் படம் வேண்டுமென்று
குருநகர்த் துறைக்குப் போயிருந்தோம்.
கமராவைத் தாழ்த்திவிட்டு றெஜினா கேட்டாள்:
"இந்தப் படியள் ஏன் இவ்வளவு உயரம்?
மீன்கூடையோட ஏறுறவையின்ர முழங்காலை
ஆரும் அளந்து பாத்தவையோ?"

அளந்தோம். ஒன்பது அங்குலம்.
ஆறு படியை ஒன்பதாக்கி
ஆறங்குலத்துக்கு இறக்கினோம்.
ஈரச் சீமெந்தில் ஒரு நாய்
எல்லோருக்கும் முதல் ஏறிப் போனது.

வடிவு என்றால் அழகு.
வடிவாய்ப் பார் என்றால் கவனமாய்ப் பார்.
ஆங்கிலப் படிவத்தில் இரண்டையும்
ஒரே சொல்லில் அடைக்க
மத்தியானம் முழுக்கப் போயிற்று.

பெயர் இன்னும் வரவில்லை.

நேற்றுப் பிலோமினாக்கா கூடையோடு ஏறி வந்தா.
படி மாறியதை அவ கவனிக்கவேயில்லை.
மேலே வந்ததும், மூச்சு வாங்காமல்,
விளைமீனுக்கு விலை சொன்னா,
எனக்கு மட்டும் ஐம்பது ரூபாய் கூட்டி.