பூஜ்யம்

ஒத்தக்கடை ஆஸ்பத்திரிக்குப்
புது மென்பொருளில் முதல் மாடல்.
கோயம்புத்தூர் ரங்கபாஷ்யம் அனுப்பிய தூண்களை
இணைத்தேன்.
திரையில் ஒன்றையும் காணோம்.
சுருக்கிச் சுருக்கி,
அடியில் ஊர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால்
ஏழு கிலோமீட்டர் தள்ளி
வைகைக்கு நடுவே நிற்கின்றன
நூற்றுப்பன்னிரண்டும்,
தண்ணீரில்லாத ஆற்றில் என்ன பயம் என்பதுபோல.

"உங்க பூஜ்யம் எங்க சார்?"
"எங்க ஆபீஸ்ல எப்பவும் வைக்கிற இடம்தாம்மா."

ஏ.சி. பைப்புக்கு அருள்தாஸ்
இன்னும் பழைய கோடுகளைத்தான் அனுப்புகிறார்,
ராத்திரி பதினொன்றுக்கு, வாட்ஸ்அப்பில்,
கும்பிடும் கையோடு.

மூன்று வாரம் கழித்து
எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று:
மனையின் வடகிழக்கு மூலை, சர்வேக் கல்.

வண்டியெடுத்துப் போய்ப் பார்த்தேன்.
வெற்றிலைக்குப் போக மிஞ்சிய சுண்ணாம்பை
யாரோ எங்கள் பூஜ்யத்தில்
துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.