முகம் வரைந்த ஆரஞ்சு

குப்பைப் பைக்கும் எடை உண்டென்று
என் இடுப்புக்குத்தான் முதலில் தெரிந்தது.
மஸ்கீகனில், ஏரிப்பனி வந்து ஜன்னலில் அறைகிற பள்ளியில்
ஒரு மதியத்துக்கு ஆறு பை.
ஐந்தாவதைத் தூக்கும்போது அடி கிழிந்தது.
வாசல் வரைக்கும் பால்,
யாரும் திறக்காமலே வெடித்த பால்.

பழமோ காயோ தட்டில் ஏறாமல்
எந்தப் பிள்ளையும் கல்லாவைத் தாண்ட முடியாது. அது விதி.
ஏறியதைத் தின்றாக வேண்டும் என்று விதி இல்லை.
சாப்பாட்டு நேரம் இருபது நிமிடம்,
அதில் பதினொன்று வரிசைக்குப் போய்விடும்.
மிச்சத்தில் கையுறை தேடணும், சண்டை போடணும்,
பீட்சாவின் நடுப்பாகத்தை மட்டும் கடிக்கணும்.
ஆப்பிள் பாவம்,
அதன் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒடெஸ்ஸாவிடம் சொன்னேன்.
அடுப்பிலிருந்து திரும்பாமலே
"எண்ணிப் பார்" என்றாள்.
எண்ணினேன், தொட்டிக்குள் குனிந்து, ஒரு வாரம்.
பிரிக்காத பால் நானூற்றுப் பன்னிரண்டு.
கடிக்காத ஆப்பிள் இருநூற்றுச் சொச்சம்.
ஆரஞ்சு எண்ணுவதை வியாழனோடு விட்டுவிட்டேன்.
வெட்கமாக இருந்தது,
யாருக்காக என்று தெரியவில்லை.

பிறகு காகிதங்கள்.
சுகாதாரத் துறையிலிருந்து பிரிங்க்ஸ் வந்து
சட்டைப்பையிலிருந்து பேனா போல வெப்பமானியை உருவினார்.
நாற்பத்தொரு டிகிரி. ஒரு கோடு கூடினாலும் கொட்டிவிட வேண்டும்.
நறுக்கிய பழம் கூடாது. பல் பட்டது கூடாது.
பிள்ளைகள் எதையும் பையில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடவே கூடாது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.
அவர் கார் கிளம்பிய பின் ஒடெஸ்ஸா சொன்னாள்:
"முடியாது என்று சொல்ல வந்த மனுஷன்
எப்படிச் செய்வதென்று சொல்லிவிட்டுப் போகிறார்."

என் கணவர் பனிக்கட்டியில் துளையிட்டு
மீன் பிடிக்கக் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியைக்
கேட்காமல் எடுத்து வந்தேன்.
மூன்று முறை கழுவினேன்.
நான்காம் முறை, என்னை நம்பாமல், ஒடெஸ்ஸா கழுவினாள்.
வாசலோரம் ஒரு நீல மேசை.
வேண்டாததை வை, வேண்டியதை எடு.
முதல் நாள் கிடைத்தது ஒரு வாழைப்பழம்,
யாருடையதோ ஒற்றைக் காலுறை.

டிசம்பருக்குள் வெள்ளிதோறும் நான்கு பெட்டி.
லூதரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு
வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

எமரி என்று ஒருவன், மூன்றாம் வகுப்பு.
ஆரஞ்சின் மேல் பேனாவால் முகம் வரைவான்,
ஒரு கண் பெரிதாக, மூக்கே இல்லாமல்.
மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவான்.
சாப்பாட்டோடு என்ன விளையாட்டு என்று
ஒருமுறை அதட்டியிருக்கிறேன்.

அந்த வெள்ளி புயல். வேன் வரவில்லை.
என் காரில் ஏற்றிக்கொண்டு
நடக்கிற வேகத்தில் போய்ச் சேர்ந்தேன்.
கீழ்த்தளத்து வரிசை படிக்கட்டு வரை நின்றது.
மூடியைத் திறந்ததும்
ஒரு பெரிய கோட்டின் பின்னாலிருந்து சின்னக் கை நீண்டு,
ஆப்பிள்களை விலக்கி, பாலை விலக்கி,
மூக்கில்லாத அந்த முகத்தை எடுத்தது.

என்னைப் பார்த்துவிட்டான்.
"அடையாளத்துக்கு" என்றான்,
ரயிலில் அனுப்பும் பெட்டிக்கு
நூல் கட்டிவிட்டவன் போல.
அவன் அம்மா கைப்பைக்குள்
எதையோ நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.
நான் அடுக்கிய ரொட்டிகளையே
மறுபடி அடுக்கினேன்.

திங்கட்கிழமை
நீல மேசையின் காலில்
ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டேன்.
ஒடெஸ்ஸா பார்த்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

இந்த வெள்ளி, பதினேழு முகங்கள்.
ஒன்றுக்கு மீசை.
வெப்பமானி நாற்பது காட்டியது.
மூடியை அழுத்தி மூடினேன்.